பொட்டு வைத்த குருவி

சூரியனுக்கே இங்கே அவசரம் இல்லை. ராத்திரிச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகும் தோட்டத்தில் வெளிச்சம் நின்றுகொண்டிருக்கிறது. எங்கள் ஊர்ப் பக்கம் தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையில் வேலை பார்த்த மருமகனை அவர்கள் கம்பெனியே ஜெர்மனிக்கு அனுப்பி வைத்தது. மகள் கூடப் போனாள். அவளைப் பார்க்க நான் வந்தேன். பகலில் ரெண்டு பேரும் வேலைக்குப் போய்விட்டால் எனக்குத் துணை இந்த ஜன்னலும் வெளியே வருகிற பறவைகளும்தான்.

நான் ரெண்டாங் கிளாஸ் தாண்டாதவள். எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன், மெதுவாகத்தான் வரும். ஆனால் எங்கள் ஊரில் என் வயசுக்காரிகளில் ரெண்டு தேசத்துப் பறவையைக் கண்ணால் பார்த்தவள் நான் ஒருத்திதான். மூன்றாவது தேசத்துப் பறவையைச் சித்தியின் வாயால் பார்த்தேன். அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இங்கே காக்கா உண்டு. சோறு வைத்தால் ஊரைக் கூப்பிடாது, தனியாகத் தின்றுவிட்டுப் போகும். மைனா கிடையாது. மைனா இருக்கவேண்டிய இடத்தில் மஞ்சள் மூக்கோடு ஒரு கருப்புப் பறவை புல்லில் தத்தித் தத்தி மண்புழு இழுக்கிறது. சாயங்காலம் அது ஓட்டுமேல் ஏறிப் பாட ஆரம்பித்தால், நான் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறேன் என்பதே கொஞ்ச நேரம் மறந்துபோகும். மாரில் செம்மண் பூசின மாதிரி ஒரு குட்டிப் பறவையும் வருகிறது. அது தலையைச் சாய்த்து என்னையே பார்க்கும். யாருடி நீ என்று கேட்கிற மாதிரி இருக்கும்.

சித்தி வந்தபோது நாங்களும் அவளை அப்படித்தான் பார்த்தோம்.

எனக்கு எட்டு ஒன்பது வயசு இருக்கும். ரங்கூனிலிருந்து நம் ஜனங்கள் கப்பல் கப்பலாகத் திரும்பிக்கொண்டிருந்த காலம். கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே எங்கள் ஊர், நெல் போடுகிற குடும்பம். ஒரு நாள் தகரப் பெட்டியோடு ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். ரங்கூன் போன என் சித்தப்பாவின் மனைவி என்றாள். சித்தப்பா அங்கே கல்யாணம் செய்துகொண்டதே எங்களுக்குத் தெரியாது. அவருக்குக் கப்பலில் இடம் கிடைக்கவில்லை, அடுத்ததில் வந்துவிடுவார் என்றாள்.

நைனா, அதாவது என் அப்பா, தலையைச் சொறிந்தார். எங்கள் வீட்டில் நைனா பேச்சு ரெண்டாவது. முதல் பேச்சு அத்தையுடையது. நைனாவுக்கு மூத்தவள், புருஷன் போனபின் பிறந்த வீட்டுக்கே வந்து சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டவள்.

“எவளோ ஒருத்தி வந்து நான்தான் உன் தம்பி பொண்டாட்டின்னா, வாம்மா தாயேன்னு ஊட்டுக்குள்ள சேத்துக்குவியா? சாட்சி இன்னா கீது?”

சாட்சி ஒன்றும் இல்லை. நெல் மூட்டை அடுக்கியிருந்த அறையில் ஒரு பாய் போட்டார்கள். ஆனால் மரியாதைக்குக் குறைவில்லை. “அவங்களுக்குச் சோறு குடுத்தியா?”, “அவங்க குளிச்சாங்களா?” என்றுதான் அத்தை கேட்பாள். சித்தியிடம் வாங்க, போங்க என்பாள். அத்தைக்கு அவள்மேல் எவ்வளவு மரியாதை என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அறுப்பு முடிந்தால் குருவிக்கென்று ஒரு நெற்கதிர்க் கொத்தை வாசல் நிலையில் கட்டித் தொங்கவிடுவோம். சித்திக்கு அதுதான் இடம். அதன் கீழே நிற்பாள். நானும் போய் ஒட்டிக்கொண்டு நிற்பேன்.

“மைனா ரங்கூன்லயும் இதேதான். காக்காவுக்குக் கழுத்துல இந்தச் சாம்பல் அவ்வளவா இருக்காது. குருவிதான் வேற. கன்னத்துல கருப்பா ஒரு பொட்டு, திருஷ்டிக்கு வெச்ச மாதிரி. ஆணுக்கும் இருக்கும், பொண்ணுக்கும் இருக்கும். எது எதுன்னு சொல்லவே முடியாது. ஒண்ணைப் பார்த்தா இன்னொண்ணையும் பார்த்த மாதிரி.”

இவ்வளவு பெரிய சேதியை வயிற்றில் வைத்துக்கொள்ள முடியுமா? நேரே அடுப்பங்கரைக்கு ஓடினேன். அத்தை சிரித்த சிரிப்பில் கையிலிருந்த முறம் ஆடியது.

“குருவிக்குப் பொட்டா! பூ வெச்சிக்கினு புடவையும் கட்டிக்குமா? தே பாரு தம்பி, குருவி விசயத்துலயே இந்தப் புளுகு புளுகறவ, புருசன் விசயத்துல நெசமா சொல்லப்போறா? வெள்ளிக்கெழம வண்டியக் கட்டு. பட்டணத்துல ரங்கூன்காரங்க முகாமுலயே கொண்டும்போய் உட்டுட்டு வந்துடு.”

அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்த நைனா சரி என்றார்.

சேதி கொண்டுபோனது நான். சாட்சி இல்லாததால்தானே இந்தப் பேஜாரு, ஒரு சாட்சியை உண்டாக்கிவிட்டால் தீர்ந்தது என்று யோசித்தேன். நெல் காயும் களத்து ஓரம் கூடையைக் குச்சியில் நிறுத்தி, குச்சியில் கயிறு கட்டி, வைக்கோல் போருக்குப் பின்னால் படுத்துக்கொண்டேன். வெயில் ஏறியது. கண் சொக்கியது. எப்போது இழுத்தேன் என்று தெரியவில்லை, கூடைக்குள் ஒரு குருவி படபடத்தது.

அம்மாவின் மை டப்பியை எடுத்து வந்து, கன்னத்துக்கு ஒன்றாகப் பொட்டு வைத்தேன். கைக்குள் அதன் நெஞ்சு அடித்துக்கொண்டது இன்றைக்கும் உள்ளங்கையில் இருக்கிறது.

“அத்தே! ரங்கூன் குருவி வந்துகீது!”

களத்தில் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த அத்தை அதைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். அவளுக்குப் பார்வை மட்டு. முகத்தில் இருந்த சிரிப்பு இறங்கிவிட்டது. நைனாவைக் கூப்பிட்டாள். சித்தியையும் கூப்பிட்டாள்.

“இதானுங்களா நீங்க சொன்ன குருவி?”

சித்தி அதைக் கையில் வாங்கினாள். நான் நைனாவுக்குப் பின்னால் நின்று, ஆமாம்னு சொல்லு, ஆமாம்னு சொல்லு என்று தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள். மை ஒட்டின என் விரலையும் பார்த்தாள்.

“இது இல்லீங்க அண்ணி. எங்க குருவிக்கு உச்சந்தலை பட்டை நிறமா இருக்கும், குழம்புக்குப் போடுவோமே, அந்தப் பட்டை. இதுக்குச் சாம்பல். இது உங்க ஊர்க் குருவிதான்.”

முந்தானையால் பொட்டு ரெண்டையும் பதமாகத் துடைத்தாள். “பாவம், கண்ணுல பட்டா எரியும்” என்று சொல்லிக் கையை விரித்தாள். அது பறந்து போனது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. கைக்கு வந்த சாட்சியை இப்படியா ஊதிவிடுவாள் ஒருத்தி? அத்தை சித்தியையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து நெல்லைக் கிளற ஆரம்பித்தாள்.

மத்தியானம் அத்தையின் குரல் கேட்டது. “ஏ கப்பல்காரி! எங்கடி போய்த் தொலஞ்ச? வந்து குந்து, சோறு ஆறிப்பூடும்.”

தன் தட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு தட்டு வைத்திருந்தாள். இத்தனை நாள் வாங்க போங்க என்றவள் டி போட்டுவிட்டாள், இனி வண்டிதான் என்று மாட்டுக்கொட்டகையில் போய் அழுதேன். அங்கிருந்து எட்டிப் பார்த்தேன், சித்தியும் அழுதுகொண்டேதான் சாப்பிட்டாள். அப்படியென்றால் நான் நினைத்தது சரிதானே?

வெள்ளிக்கிழமை நைனா மாட்டை அவிழ்க்கப் போனார். “மாடு நொண்டுது, உடு” என்றாள் அத்தை. அது துள்ளிக்கொண்டு நின்றது.

சித்தப்பா பல மாசம் கழித்து வந்தார், பாதி உடம்பாக. எல்லோரும் கட்டிக்கொண்டு அழுது முடிக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டுக் குருவியைப் பற்றிக் கேட்டேன்.

“குருவியா? கடையில நிக்கவே நேரமில்ல, குருவியை எவன் பார்த்தான்?”

சரி, புருஷன் நிஜம், குருவி புளுகு என்று அன்றைக்கு முடிவு கட்டினேன். சித்தி எங்களோடேயே வாழ்ந்து, எங்கள் ஊரிலேயே போய்ச் சேர்ந்தாள். நான் மறுபடி கேட்கவில்லை. அத்தையும் ஒரு நாளும் குருவிப் பேச்சை எடுக்கவில்லை. அவளுக்கு அது வேண்டியிருக்கவில்லை.

முந்தாநாள் இந்தத் தோட்டத்து வேலிமேல் ஒரு குருவி வந்து உட்கார்ந்தது. உச்சந்தலை பட்டை நிறம். திரும்பியது. கன்னத்தில் கருப்பாக ஒரு பொட்டு.

மகளுக்குப் போன் போட்டேன். “சும்மா குருவிம்மா அது, இங்க எங்க பார்த்தாலும் இருக்கும்” என்றாள். வேலையாக இருந்தாள்.

ஆணா, பெண்ணா? ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு பார்த்தேன், தெரியவில்லை. ஜோடி எங்கே என்று வேலி முழுக்கத் தேடினேன். பிறகு தேடுவதை நிறுத்திவிட்டேன். ஒண்ணைப் பார்த்தா இன்னொண்ணையும் பார்த்த மாதிரி என்று சித்தி சொன்னபோது, நான் அண்ணாந்து நெற்கதிரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தது, கும்மிடிப்பூண்டியிலிருந்து வருகிற வண்டிப்பாதையை.