ஏழாவது உடும்பு

வெள்ளிக்கிழமை என்றால் எனக்கு மாமா. மற்ற ஆறு நாளும் யாருமில்லை.

ஷார்ஜாவிலிருந்து தைத் போகும் சாலையை விட்டு இறங்கி, மண்பாதையில் கால்மணி நேரம் போனால் எங்கள் மஸ்ரா வரும். மஸ்ரா என்றால் தோட்டம். பேரீச்சை மரங்கள், முப்பது ஆடு, நான்கு ஒட்டகம், சுற்றிலும் கம்பிவேலி. வேலிக்கு அந்தப் பக்கம் மணல், அதற்கும் அந்தப் பக்கம் மணல். அப்பா அங்கே காவலும் பார்த்தார், தண்ணீரும் பாய்ச்சினார். தோட்டத்து முதலாளியான கஃபீல் குடும்பத்தோடு வந்து தங்கும் நாட்களில் பெரிய வீட்டுச் சமையல் அம்மாவுடையது. கஃபீல் நல்ல மனசுக்காரர் என்று அம்மா அடிக்கடி சொல்வாள். இல்லாவிட்டால் தோட்டக்காரனுக்குக் குடும்பத்தோடு விசா யார் கொடுப்பார்கள்? அந்த நல்ல மனசின் ஓரத்தில் எனக்கும் ஒரு விசா ஒட்டிக்கொண்டிருந்தது. அதை வைத்துத்தான் பள்ளிக்கூடம் போய்வந்தேன். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும், அம்மாவுக்கு அதுவும் வராது. ஐந்தாம் வகுப்பு வரைக்கும் போய்ச் சேர்ந்த முதல் ஆள் எங்கள் இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் நான்தான். அதனால் வீட்டுக்கு வரும் காகிதம் எதுவானாலும் அதை வாசித்துச் சொல்லும் உத்தியோகம் எனக்கு.

பள்ளி பஸ்ஸில் காலையில் முதலில் ஏறுகிறவனும் மாலையில் கடைசியில் இறங்குகிறவனும் நான்தான். கூடப் படித்தவர்கள் எல்லாம் ஷார்ஜா ஃபிளாட்டுப் பிள்ளைகள். லிஃப்டில் ஏறி இறங்கி ஒருவர் வீட்டுக்கு ஒருவர் விளையாடப் போவார்கள். என் வீட்டுக்கு விளையாட வருவதென்றால் ஒட்டகம்தான் வர வேண்டும். ஆடுகளுக்கு இங்கிலீஷில் பெயர் வைத்து, அவற்றுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பதினாறாம் வாய்ப்பாடு வரை பொறுமையாகக் கேட்டன.

மாமா அம்மாவின் தம்பி. ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு கராஜில் வேலை, எட்டுப் பேர் படுக்கும் ரூமில் வாசம். வெள்ளிக்கிழமை காலையில், தோட்டத்துக்குத் தீவனம் கொண்டுவரும் பட்டாணி டிரைவரின் பிக்கப்பில் புல்கட்டுகளோடு புல்கட்டாக வந்து இறங்குவார். எனக்கென்று பழைய பேரிங் இரண்டு பையிலிருந்து வரும். தண்ணீர்த் தொட்டிப் பக்கத்துச் சிமென்டுத் தரையில் இரண்டு பேரும் உருட்டி விடுவோம். யாருடையது தூரம் போகிறது என்று பந்தயம். எப்போதும் என்னுடையதுதான் போகும். தோற்றுப்போவதில் மாமாவுக்கு அப்படி ஒரு கைப்பழக்கம்.

எனக்கு இளைப்பு உண்டு. மார்ச் மாதம் மணல்காற்று கிளம்பினால் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். கிளினிக்கில் கொடுத்த பம்பை இழுத்தால் கொஞ்சம் அடங்கும், பிறகு மறுபடி அடிக்கும். “ஊரா இருந்தா ஒரு உடும்பப் புடிச்சு சாறு வச்சுக் குடுத்துருக்கலாம்” என்பாள் அம்மா, ஒவ்வொரு முறை விசில் கேட்கும்போதும். இளைப்புக்கு உடும்புக்கறி என்பதில் எங்கள் ஆட்களுக்குச் சந்தேகமே கிடையாது.

பாலைவனத்திலும் ஒன்று உண்டு. உருண்டைத் தலை, வால் முழுக்க முள், தழை தின்று வெயில் காய்கிற சாதுவான பிராணி. எங்கள் ஊர் உடும்புக்கு அது தூரத்து உறவுகூட இல்லை என்று இப்போது தெரியும். அன்றைக்கு எங்கள் வீட்டில் அதுவும் உடும்புதான். கஃபீலின் பையன்கள் வசந்த காலத்தில் ஜீப்பில் வந்து, புகைக்குழாயில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி வளைக்குள் விடுவார்கள். திணறிக்கொண்டு வெளியே வருவதைப் பிடித்து, நெருப்பு மூட்டிச் சுடுவார்கள். யாரும் ஒளிந்து செய்ததில்லை. ஒருமுறை எனக்கும் ஒரு கால் கொடுத்தார்கள். அம்மா வேண்டாம் என்று கண்ணைக் காட்டியதால் வாங்கவில்லை.

அந்த வருஷம் எங்கள் பள்ளியில் இயற்கை மன்றம் தொடங்கி, என் சட்டையில் ஒரு பச்சை பேட்ஜைக் குத்தி விட்டார்கள். லீவு நாளிலும் அதைக் குத்திக்கொண்டுதான் திரிந்தேன். பாலைவனத்து ஜீவராசிகளின் படம் போட்ட சார்ட்டில் மானும் முயலும் இருந்தன; எங்கள் உடும்பும் இருந்தது. இவற்றைப் பிடிப்பது சட்டப்படி குற்றம் என்று டீச்சர் சொன்னதை, வெள்ளிக்கிழமை சாப்பாட்டின்போது வீட்டில் ஒப்பித்தேன். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மாமாதான் கேட்டார்.

“பெரிய வீட்டுப் புள்ளைகளுக்கும் சேத்துத்தானா மாப்ள?”

எல்லோருக்கும்தான் என்றேன்.

“அப்பச் சரி” என்று மாமா சிரித்தார். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. பேட்ஜைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று கோபம் வந்தது.

பிறகு ஒரு வாரம் காற்று மோசமாக அடித்தது. மூன்று நாள் பள்ளிக்குப் போகவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் மூச்சு கொஞ்சம் வந்ததும் வெளியே வந்தேன். அப்பா தண்ணீர் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தார். தொட்டிக்குப் பின்னால் வாய் கட்டிய ஒரு சாக்கு, தானாக அசைந்தது. என்னவென்று கேட்டேன். கோழி என்றார் அப்பா. கோழி சத்தம் போடவில்லையே என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் மாமா வழக்கம்போல வந்து இறங்கினார். அம்மா மிளகு தூக்கலாகப் போட்டு ஒரு கிண்ணம் சாறு கொடுத்தாள். கோழிதான் என்றாள். நன்றாக இருந்தது, இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தேன். பேரிங் உருட்டத் தொட்டிப் பக்கம் போனபோது வெள்ளை நிற வண்டி ஒன்று வேலிக் கதவருகே வந்து நின்றது. சீருடையில் இரண்டு பேர் இறங்கினார்கள். ஜீப்பில் வேட்டையாடுகிறவர்களைப் பற்றி யாரோ புகார் செய்திருந்தார்களாம். முந்தின நாள் மதியம்தான் கஃபீலின் பையன்கள் வேட்டை முடித்து நகரத்துக்குத் திரும்பியிருந்தார்கள். அவர்கள் நெருப்பு மூட்டிய இடத்தில் முள்வால்கள் கிடந்தன. அதிகாரி குச்சியால் புரட்டி எண்ணினார்: ஆறு. பிறகு எங்கள் தகரக் கூரை அறைப் பக்கம் வந்தார். வாசலுக்கு வெளியே குப்பைத் தகரத்தில் ஏழாவது வால் கிடந்தது.

அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது பயமில்லை, வெட்கம். சார்ட்டில் இருக்கிறது, ஒப்பித்திருக்கிறேன், அப்படியும் என் வீட்டு வாசலில்.

அதிகாரி இங்கிலீஷில் பேசினார். இங்கிலீஷ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இதைப் பிடித்தது யார் என்று கேட்டார், அதை வீட்டாருக்குத் தமிழில் சொன்னேன். அம்மா கையில் கரண்டியோடு வாசலில் நின்றாள். அப்பா வாயைத் திறந்தார். அதற்குள் மாமா கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்துவிட்டார்.

“நாந்தான் புடிச்சேன்னு சொல்லு மாப்ள.”

சொன்னேன். இலக்கணப் பிழை இல்லாமல் சொன்னேன். அங்கே கிடக்கிற ஆறும் கஃபீலின் பையன்கள் பிடித்தது என்பதையும், அவர் கேட்காமலே சேர்த்துச் சொன்னேன். அதிகாரி என் பேட்ஜைப் பார்த்து, கெட்டிக்காரன் என்று தலையைத் தட்டினார்.

போன் போய், கொஞ்ச நேரத்தில் கஃபீலின் மூத்த பையன் வந்து சேர்ந்தார். பெரிய வீட்டு முற்றத்தில் காவா என்கிற அரபிக் காப்பி வந்தது, பேரீச்சம்பழம் வந்தது. அவர்கள் அரபியில் பேசிச் சிரித்துவிட்டு எழுந்து வந்தபோது, காகிதத்தில் ஏழு என்று எழுதியிருந்தது. குற்றம் செய்தவர் என்ற இடத்தில் மாமாவின் பெயர் மட்டும்.

கணக்கு தப்பு என்றேன். மாமா பிடித்தது ஒன்றுதானே. இங்கிலீஷில் இரண்டு முறை சொன்னேன். அதிகாரிக்கு இப்போது இங்கிலீஷ் அவ்வளவாகப் புரியவில்லை. மாமா என் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார்.

“விடு மாப்ள. ஒண்ணுக்கும் ஏழுக்கும் ஒரே ஊருக்குத்தான் அனுப்புவாய்ங்க.”

அது சமாதானமாக இல்லை எனக்கு. ஆறு பொய்தான், ஆனால் அந்த ஒன்று மெய்யல்லவா? அவ்வளவு சொல்லியும் ஏன் பிடித்தார்? வண்டியில் ஏறப்போகும்போது “வரட்டுமா மாப்ள?” என்று மாமா கேட்டார். நான் பேட்ஜின் ஊக்கைத் திருகிக்கொண்டு ஒட்டகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டிக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அதன்பிறகும் கொஞ்ச நேரம் ஒட்டகங்களையே பார்த்தேன்.

சில நாள் உள்ளே வைத்திருந்து, விசாவைக் கேன்சல் அடித்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த லீவில் மாமாவுக்குக் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தது. பெண் வீட்டார் ஷார்ஜா மாப்பிள்ளைக்குத்தான் பேசியிருந்தார்கள். ஊர் மாப்பிள்ளைக்கு அல்ல.

வெள்ளிக்கிழமைகள் வந்துகொண்டுதான் இருந்தன. பட்டாணியின் பிக்கப் புல்கட்டை இறக்கிவிட்டுப் போகும். பேரிங்கை நானே உருட்டி நானே எடுத்துவருவேன். தனியாக உருட்டும்போது எவ்வளவு தூரம் போனாலும் அது ஜெயிப்பதில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் வந்து இறங்கியவர், வியாழக்கிழமை சாயங்காலம் சாக்கில் கிடந்ததை எப்படிப் பிடித்திருக்க முடியும்? அதை என்னை நானே கேட்டுக்கொள்ளப் பல வருஷம் ஆனது. அதற்குள் நான் கல்லூரியில் இருந்தேன். வளைக்குள் தண்ணீர் விட்டுப் பிடித்திருக்க வேண்டும். தண்ணீர் லாரி யார் கையில் இருந்தது என்பது ஆடுகளுக்குக்கூடத் தெரியும். அப்பாவுக்குக் கேன்சல் அடித்திருந்தால் அம்மா, நான், என் ஐந்தாம் வகுப்பு எல்லாம் ஒரே விமானத்தில் ஏறியிருப்போம். மாமா ஒற்றை ஆள். அதை யோசிக்க அவருக்கு, அப்பா வாயைத் திறந்து பேசத் தொடங்குகிற அவ்வளவு நேரம்தான் கிடைத்தது.

அன்று வண்டி போனதும் அப்பா அந்தக் காகிதத்தின் நகலை என்னிடம் நீட்டினார். அரபிக்குக் கீழே இங்கிலீஷ் இருந்தது. மேலிருந்து கீழ்வரை வாசித்து அர்த்தம் சொன்னேன். அப்பா தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து கேட்டார்.

“அந்தப் பேர இன்னொரு தடவ வாசி” என்றார்.

வாசித்தேன். மறுபடியும் வாசிக்கச் சொன்னார். என் இங்கிலீஷைக் கேட்கத்தான் அப்பாவுக்கு ஆசை என்று நினைத்துக்கொண்டேன். நிமிர்ந்து நின்று, டீச்சர் சொல்லிக் கொடுத்தபடி ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்கும்படி, மாமாவின் பெயரை இன்னும் சத்தமாக வாசித்தேன்.