கதவு கதவாகத் தட்டிய எங்கள் அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் மந்தாரக்குப்பத்துத் தெருக்காரர்களுக்கும், தங்கையாகிய நான் அறிந்த அக்காவைப் பற்றி எழுதுகிறேன்.

அக்கா திருவதிகையில் பிறந்தவர். எங்களுக்கு நிலமில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு அம்மாவோடு களையெடுக்கப் போனார். திருமணமாகி மந்தாரக்குப்பம் வந்தார். மாமா சுரங்கத்தில் காண்ட்ராக்ட் தொழிலாளி. வாடகை வீட்டின் முன்னறையில் தையல் மெஷின் போட்டு, தெருவுக்கே ஜாக்கெட் தைத்தார்.

ஸ்டிரைக் நடந்த நாட்களை எழுதாமல் விட முடியவில்லை. பணி நிரந்தரம் கேட்டு எல்லோரும் வேலையை நிறுத்தியிருந்தார்கள். மாமாவும் அதில் உறுதியாக இருந்தார். எதிர்வீட்டுச் செல்வம் மட்டும் வேலைக்குப் போனார். தெரு அந்த வீட்டோடு பேசுவதை நிறுத்தியது. கடையில் பால்கூடக் கொடுக்கவில்லை. செல்வத்தின் மனைவி கற்பகம் அப்போது நிறைமாதம்.

ஒரு முற்பகலில் அவளுக்கு வலி கண்டது. செல்வம் ஷிப்டில் இருந்தார். பனிக்குடம் உடைந்து, வாசலில் நின்று அழுதாள். அன்று நான் அக்கா வீட்டில் இருந்தேன். ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். மறியலால் சாலை அடைபட்டிருக்கிறது, நேரமாகும் என்றார்கள். தெருமுனையில் முருகனின் ஆட்டோ நின்றது.

“முருகா, வண்டிய எடுப்பா” என்றார் அக்கா.

“வேணாங்கா. அந்த வூட்டுக்கு என் வண்டி வராது.”

மாமா அக்காவின் கையைப் பிடித்தார். “உள்ள வா. நாளைக்கு சங்கத்துல நான் எப்படி மொகத்த காட்டுறது?”

“இவ வயித்துல இருக்கறது எந்த சங்கம்?”

கையை உதறிவிட்டு, கற்பகத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தார். ஒவ்வொரு கதவாகத் தட்டினார். முதல் வீடு திறக்கவில்லை. அடுத்த வீட்டில் ஜன்னல் திரை மட்டும் அசைந்தது. கற்பகம் மின்கம்பத்தைப் பிடித்தபடி, “முடியலக்கா” என்று சரிந்தாள். திரை அசைந்த வீட்டைப் பார்த்து அக்கா கத்தினார்.

“சரோஜா! எல்லாரும் பாத்துகினு நின்னா புள்ள தானா பொறந்துடுமா? வெளிய வாடி!”

சரோஜா வந்தார். பிறகு இன்னொருத்தி, அப்புறம் பலர். முருகனின் அம்மா நேரே போய் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார். “எடுடா. நீ எடுக்கற வரைக்கும் எறங்க மாட்டேன்.”

ஆட்டோ கிளம்பியது. ஆஸ்பத்திரியில் இறக்கிய சிறிது நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் தங்கியிருக்காது என்றார் டாக்டர்.

தெரு உடனே மாறிவிடவில்லை. மாமா பல நாள் அக்காவோடு பேசவில்லை. சிலர் தைக்கக் கொடுப்பதை நிறுத்தினார்கள். அக்கா வருந்தினார், ஆனால் யாரையும் குறை சொல்லவில்லை. “அவங்க கோவம் நியாயம்தான்டி. அதுக்காக ஒருத்தி தெருவுல கெடந்து சாவணுமா?” என்றார். ஸ்டிரைக் முடிந்து வெகுகாலம் கழித்துத்தான் செல்வமும் மாமாவும் ஒரு கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

சிறுநீரகம் பழுதாகிக் கடலூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் அக்காவுக்குப் பக்கத்துக் கட்டில் மேல்தான் கண். அதில் இருந்த வயதான அம்மாவைப் பார்க்க யாரும் வரவில்லை. “அவங்களுக்கு காபி குடுத்தியா?” அக்கா என்னிடம் கடைசியாகக் கேட்டது அதுதான்.

ரத்தம் கொடுத்தவர்களுக்கும், மாமாவைத் தனியே விடாமல் மாறி மாறித் துணையிருந்த தெருக்காரர்களுக்கும் எங்கள் நன்றி. அக்காவின் மூச்சு அடங்கியபோது நான் மருந்து வாங்கப் போயிருந்தேன். பக்கத்துக் கட்டில் அம்மாதான் தன் கட்டிலை விட்டு இறங்கி வந்து, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் பெயரைக் கேட்டுவைக்க எனக்குத் தோன்றவில்லை. எங்கிருந்தாலும் அவர் நன்றாக இருக்க வேண்டும்.