முழுக்கக் காலி செய்ய முடியாத அறை

மாமா எங்கள் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றியதும் நேராக ஃபிரிட்ஜிடம்தான் போவார். கதவைத் திறப்பார். உள்ளே என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் சாத்துவார். சாத்திய கையோடு மறுபடியும் இழுத்துப் பார்ப்பார். கதவு உடனே வராது. உள்ளேயிருந்து யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி கொஞ்சம் முரண்டு பண்ணும். "ம், பிடிக்குது" என்று சொல்லிவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார்.

"மாப்பிள்ளை மாமியாரைப் பார்க்க வர்றாரா, ஃபிரிட்ஜைப் பார்க்க வர்றாரா?" என்பாள் அம்மா.

"ஃபிரிட்ஜாலதானே அத்தை மாமியாரே கெடைச்சீங்க."

உண்மைதான். எங்கள் ஃபிரிட்ஜைப் பழுதுபார்க்க வந்தவர்தான் பிறகு என் அக்காவைக் கட்டிக்கொண்டார். பள்ளிப்படிப்பு பாதியில் நின்றுபோக, ஒரு பட்டறையில் கம்ப்ரசர்களின் பழைய எண்ணெயை வடிக்கிற வேலையில் சேர்ந்து, கை தேறிய பிறகு குறுக்குத் தெருவில் சொந்தமாகக் கடை போட்டவர். ஒரே ஒரு ஷட்டர் அகலம். கதவில்லாத ஃபிரிட்ஜ்கள் வாசலில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்.

தெருவில் அவருக்குப் பெயர் 'வேக்கம்'. ஃபிரிட்ஜில் ஓட்டையை அடைத்த பிறகு, புது கேஸ் ஏற்றுவதற்கு முன்னால், குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து முழுக்க வெளியே எடுக்க வேண்டும். அதைத்தான் வேக்கம் போடுவது என்பார்கள். மற்ற மெக்கானிக்குகள் ஒரு டீ குடிக்கிற நேரம் பம்பை ஓட்டிவிட்டு கேஸை ஏற்றிவிடுவார்கள். மாமா, வீட்டுக்காரரின் பொறுமை தீர்ந்து, கோபமும் தீர்ந்து, அவர் தூங்கப் போகும்வரை ஓட்டுவார்.

"ஏம்ப்பா, காத்தை எடுக்கவா உனக்குக் காசு?"

"காத்தை எடுக்கத்தாங்க காசு. கேஸை யார் வேணா போட்டுடலாம்."

அவர் சொல்கிற காரணம் எளிமையானது. ஒரே ஒரு சொட்டு ஈரம் உள்ளே தங்கினாலும், அது நூல் போன்ற மெல்லிய குழாயின் வாயில் போய் உறைந்து அடைத்துக்கொள்ளும். மெஷின் நன்றாகத்தான் ஓடும். குளிர் மட்டும் வராது. "மிச்சம் வைக்கக் கூடாது. மிச்சம் வெச்சா அதுதான் எமன்" என்பார்.

எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனது நான். அதுவும் இயற்பியல் படிக்க. அதனால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்காத ஒரே ஆள் மாமாதான். எனக்கு 'சயின்டிஸ்ட்டு' என்று பெயர் வைத்துவிட்டு, கடைப்பக்கம் போகும்போதெல்லாம் வம்புக்கு இழுப்பார்.

"என்ன சயின்டிஸ்ட்டு, இன்னிக்கு என்ன சொல்லிக் குடுத்தாங்க?"

"ஒண்ணுமில்லாததைப் பத்தி, மாமா."

"அதுக்கு எதுக்குடி காலேஜு? நம்ம கடைக்கு வந்தா போதாதா?"

கணக்கில் எண்களையே ஒன்றுமில்லாததிலிருந்து கட்டி எழுப்புகிறார்கள் என்று சொன்னேன். ஒரு காலி டப்பா. உள்ளே எதுவும் இல்லை, அது பூஜ்யம். அந்தக் காலி டப்பாவை இன்னொரு டப்பாவுக்குள் வைத்தால், இரண்டாவது டப்பா காலி இல்லை. அதற்குள் ஒரு பொருள் இருக்கிறது, ஒரு காலி டப்பா. அதுதான் ஒன்று. இப்படியே போனால் எல்லா எண்களும் வந்துவிடும்.

மாமா ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "காலி டப்பாவை வெச்சே கடை போட்டுட்டாங்களேடி உங்க ஆளுங்க! நான் இத்தனை நாளா காலி பண்ணி என்ன கண்டேன்?"

அந்த நாட்களில் அக்கா கர்ப்பமாக இருந்தாள். திருமணமாகிப் பல வருடம் கழித்து உண்டானது. கடைக்குப் பின்னால் இருந்த வீட்டில், சாமான் போட்டுவைத்த சின்ன அறையை மாமா ஒழித்து, வெள்ளையடித்தார். ஒரு பழைய ஃபிரிட்ஜின் கம்பித் தட்டுகளை வளைத்துப் பற்றவைத்து, தானே ஒரு தொட்டில் செய்தார். அக்கா அதைப் பார்த்துவிட்டு, "புள்ளையை வைக்கவா, முட்டையை வைக்கவா?" என்று கேட்டாளாம். அவர்கள் இரண்டு பேரும் அப்படித்தான்.

குழந்தை பெண். பிறக்கும்போதே மூச்சில்லை. அக்காவுக்கு ரத்தம் நிற்காமல் போனதால் நினைவில்லாமல் கிடந்தாள். அம்மா அவள் பக்கத்திலிருந்து நகரவில்லை. நான் தேர்வுக்காக வெளியூரில் இருந்தேன். துணியில் சுற்றிக் கொடுத்ததை மாமா ஒருவரே வாங்கினார். துணியை விலக்கிப் பார்த்தது அவர் மட்டும்தான். அன்று சாயங்காலமே அடக்கமும் முடிந்துவிட்டது.

அக்கா வீடு திரும்புவதற்குள் அவர் அந்த அறைக்குள் போனார். தொட்டில், மடித்து வைத்த சின்னத் துணிகள், சுவரில் ஒட்டிய படம், சோப்பு, பவுடர், எல்லாவற்றையும் எடுத்தார். எங்கே கொண்டுபோனார் என்று இன்றுவரை தெரியாது. தரையைக் கழுவித் துடைத்தார். அந்த வெள்ளைச் சுவரின் மேல் மறுபடியும் வெள்ளையடித்தார்.

அக்கா வந்து அறை வாசலில் நின்றாள். சத்தம் போடவில்லை.

"எதுவுமே வெக்கலையா?"

"நீ பார்த்தா தாங்க மாட்டேன்னு..."

"சரி. எப்படி இருந்தா?"

"யாரு?"

அக்கா அவரையே பார்த்தாள். "அப்புறம் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு மாமா கடைக்குப் போய்விட்டார்.

அதிலிருந்து அவள் கேட்பதும் அவர் 'அப்புறம்' என்பதுமாகவே வருடங்கள் ஓடின. யாராவது, "எத்தனை குழந்தைங்க?" என்று கேட்டால், சொந்தக்காரர்கள் முந்திக்கொண்டு, "அவளுக்கு எதுவும் இல்லைங்க" என்பார்கள். அக்கா மறுத்துப் பேச மாட்டாள். பேச அவளிடம் என்ன இருந்தது? ஒரு முகம்கூட இல்லை. அந்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெறும் தரையில் உட்கார்ந்திருப்பாள். மாமா வெளியே நிற்பார். தட்ட மாட்டார்.

நான் மேற்படிப்பு முடித்துவிட்டு வந்த சமயம். மத்தியானம் கடையில் யாரும் இல்லை. பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. மாமா அதன் மீட்டர் முள்ளையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"சயின்டிஸ்ட்டு, ஒரு குழாயில இருந்து எல்லாத்தையும் எடுத்துட்டோம்னு வெச்சுக்கோ. இந்த பம்ப் இல்ல, உலகத்துலயே பெரிய பம்ப். ஒரு அணுகூட விடலை. அப்புறம் உள்ள என்ன இருக்கும்?"

அவர் கேட்டது குழாயைப் பற்றி இல்லை என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் குழாயைப் பற்றியே பதில் சொன்னேன். வேறு எப்படிப் பேசுவது என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

"குழாயோட சுவர்ல இருந்து வர்ற சூடு இருக்கும் மாமா. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் மாதிரி."

"சரி, சுவரையும் ஜில்லுன்னு ஆக்கிட்டேன். ஃபிரிட்ஜ்காரன்கிட்டயேவா?"

"அப்பவும் ஒரு நடுக்கம் இருக்கும்."

"யாரோட நடுக்கம்? அங்கதான் யாருமே இல்லையே?"

"யாரோடதும் இல்ல. அந்த இடத்தோடது."

இரண்டு உலோகத் தகடுகளை மயிரிழையைவிட மிக மிக நெருக்கமாக, ஆனால் ஒன்றையொன்று தொடாமல், வெற்றிடத்தில் வைத்தால் அவை ஒன்றை நோக்கி ஒன்று தள்ளப்படும் என்று சொன்னேன். அந்த நடுக்கத்தை வைத்துத்தான் அதற்குக் காரணம் சொல்கிறார்கள், சோதித்தும் பார்த்திருக்கிறார்கள்.

"இன்னும் கொஞ்ச நேரம் பம்ப் போட்டா?"

"முடியாது மாமா. பம்ப் நல்லா இல்லாததால இல்ல. அதுக்குக் கீழ எறங்க வழியே கிடையாது."

அவர் பம்பை நிறுத்தினார்.

"ஈரமே இருக்கக் கூடாதுன்னு நெனைச்சேன்டி. எல்லாத்தையும் எடுத்துட்டா அவ மறுபடி ஓட ஆரம்பிச்சுடுவான்னு. எனக்குத் தெரிஞ்ச வேலை அதுதானே?"

"முகத்தையாவது சொல்லிடுங்க மாமா. அவ அதைத்தானே கேக்கறா."

"சொல்லலாம்னுதான் போவேன். வாயைத் தொறந்தா அது மூஞ்சி முன்னாடி வந்து நிக்குது. அதுக்கு மேல என்னால முடியலை." கை துடைக்கிற அழுக்குத் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எண்ணெய் பட்டு எரிகிறது என்றார்.

சில நாள் கழித்து அக்கா எனக்கு போன் செய்தாள். அவளாக போன் செய்வதே அபூர்வம்.

"டீ, அவளுக்கு என் காதாம்."

மாமா தொட்டியில் கை கழுவிக்கொண்டே, அவள் பக்கம் திரும்பாமல், "காது உன் காதுதான். மேல அந்த மடிப்புகூட அப்படியே இருந்துச்சு" என்றாராம். காய் நறுக்கிக்கொண்டிருந்த இவள் கத்தியும் கையுமாக அசையாமல் காத்திருந்தாளாம். அவர் குழாயை மூடிவிட்டுக் கையைத் துடைத்தார். பிறகு, "மீதியைச் சொல்றேன். கொஞ்சம் டயம் குடு" என்றார்.

"நீ என்ன சொன்னே?"

"மெதுவாச் சொல்லுங்கன்னேன். நான் எங்க போகப் போறேன்?"

அக்கா போகவில்லை. அந்த மாதமே ஒரு வீட்டின் சமையலறையில், வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, மாமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். பம்ப் ஓடுகிற சத்தத்தில் வீட்டுக்காரர்களுக்குத் தெரியவே இல்லையாம்.

கூடத்தில் கிடத்தியிருந்தபோது அக்கா அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் அவளை அழவைக்கப் பார்த்தார்கள். அவள் குனிந்து அவர் காதருகே ஏதோ கேட்டாள். பக்கத்திலிருந்த எனக்குக் கேட்டது.

"மீதி?"

பிறகு நாங்கள் இரண்டு பேரும் குழந்தை பிறந்த ஆஸ்பத்திரிக்குப் போய் அதன் முகத்தைப் பற்றி விசாரித்தோம். அன்று பணியில் இருந்த நர்ஸ் எப்போதோ மாற்றலாகிப் போய்விட்டார். இருந்தவர்கள் அன்பாகத்தான் பேசினார்கள். ஆனால் யாருக்கும் நினைவில்லை. கடையில் பாதியில் நின்ற ஃபிரிட்ஜ்களை இன்னொரு மெக்கானிக் வாங்கிப்போய், ஒன்றுவிடாமல் முடித்துக் கொடுத்துவிட்டார்.

இப்போது யாராவது எத்தனை குழந்தைகள் என்று கேட்டால் அக்காவே பதில் சொல்கிறாள். "ஒரு பொண்ணு. என் காது அவளுக்கு." அதற்கு மேல் அவர்கள் கேட்டால் என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. போன வாரம் என்னிடம் கேட்டாள்.

"கண்ணு தொறந்திருந்துச்சா, மூடியிருந்துச்சான்னாவது சொல்லிட்டுப் போயிருக்கலாம் இல்லடீ அந்த மனுஷன்?"