டச் மிக்ஸியும் ஸ்டாஃப் டேபிள் சட்னியும்

ஓடிக்கொண்டிருக்கும் மிக்ஸியை ஈரக் கையால் நிறுத்த முடியாமல் என்றைக்காவது முழித்திருக்கிறீர்களா? அந்த மாடல் வெளியே வரக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. என்ன நடந்தது என்று கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

மாநில எல்லையை ஒட்டி, ஜூஜுவாடிப் பக்கம் ஒரு மிக்ஸி கம்பெனி. ஈசிஇ முடித்துவிட்டு அங்கே குவாலிட்டியில் டிரெய்னியாகச் சேர்ந்திருந்தேன். டிரெய்னி வருடம் முடியப்போகிற நேரத்தில் புது மாடல் வந்தது. திருகுகிற நாப் கிடையாது, முகப்பு முழுக்கக் கண்ணாடி. தொட்டால் ஓடும், தொட்டால் நிற்கும். டெஸ்ட் லைனில் அந்தக் கண்ணாடியைத் தட்டிப் பார்க்க ஒரு இயந்திர விரல் உண்டு. லைன் அக்காக்கள் அதற்கு வைத்த பெயர் மாப்பிள்ளை. சமையலறைப் பக்கமே போகாது, கையில் சொட்டுத் தண்ணீர் படாது, தட்டிவிட்டு ஓகே சொல்லும்.

மேனேஜர் பிரகாஷ் சார் ஃபார்மை நீட்டினார். "உபயோகச் சோதனை" என்ற கட்டம் மட்டும் காலி.

"போடும்மா கையெழுத்த. உன் கன்ஃபர்மேஷன் லெட்டர் என் டேபிள்லதான் இருக்கு."

"யாரும் இதுல எதையும் அரைக்கலையே சார்?"

"அப்ப அரைச்சிட்டுப் போடு. யாரு வேணாம்னது?"

கிண்டலாகத்தான் சொன்னார். நான் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டேன்.

எங்கள் கேன்டீனில் ஒரு வழக்கம். தொழிலாளர்களுக்குக் கிரைண்டரில் ஆட்டிய தக்காளிச் சட்னி. ஸ்டாஃப் டேபிளுக்கு மட்டும் மிக்ஸியில் தனியாகத் தேங்காய்ச் சட்னி. மறுநாள் காலையில் அந்தப் பழைய மிக்ஸியை எடுத்துவிட்டுப் புதுசை வைத்தேன். யோசித்துத்தான் வைத்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

சமையல் நாகம்மா அக்காவுக்குப் பக்கத்தில் பேரிகை ஊர், வீட்டில் தெலுங்கு. தேங்காயைக் கழுவிய கையோடு வந்து கண்ணாடியைத் தொட்டார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தொட்டார். சிவப்பு விளக்கு எரிந்து கத்த ஆரம்பித்தது.

"என்னாத்துக்கு பாப்பா கத்துது?"

"லாக் ஆயிடுச்சுக்கா. மூணு செகண்ட் அழுத்திப் புடிங்க."

"அழுத்திட்டுதான இருக்கேன். இன்னும் கால்ல உழணுமா?"

கையைச் சேலையில் துடைத்து அழுத்தினார், ஓடியது. ஜாரிலிருந்து ஒரு சொட்டு கண்ணாடியில் விழுந்ததும் வேகம் தானாக மூன்றுக்குத் தாவியது. நிறுத்தப் பார்த்தார், நிற்கவில்லை. தெலுங்கில் ஏதோ திட்டிக்கொண்டே பிளக்கைப் பிடுங்கினார். மூடியைத் திறந்தால் சட்னி சூடாகி எண்ணெய் கக்கியிருந்தது.

"புடுங்கிதான் நிறுத்தணும்னா இந்தக் கண்ணாடி எதுக்கு? மூஞ்சி பாக்கவா?"

அதற்குள் பிரகாஷ் சார் இட்லித் தட்டோடு வந்து நின்றார்.

"நாகம்மா, சட்னி எங்க?"

"லாக் ஆயிடுச்சு சார்."

மிக்ஸியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தட்டை வைத்துவிட்டு உள்ளே வந்து, பிளக்கைச் சொருகி, கண்ணாடியைத் துடைத்து, ஒரு விரலால் தொட்டார். சமர்த்தாக ஓடியது, சமர்த்தாக நின்றது.

"பாத்தியா? உங்களுக்கு யூஸ் பண்ணத் தெரியல."

"கைய நனைச்சிட்டு தொடுங்க சார்," என்றார் அக்கா.

நனைத்துவிட்டுத் தொட்டார். கத்தியது. அழுத்திப் பிடித்தார். இன்னும் கத்தியது. இட்லி வரிசை மொத்தமும் எட்டிப் பார்க்கிறது. பின்னாலிருந்து ஒரு லைன் அக்கா நிதானமாகச் சொன்னார்: "சார், மாப்பிள்ளையக் கூட்டியாரட்டுங்களா?"

அன்று ஸ்டாஃப் டேபிளுக்கும் தக்காளிச் சட்னிதான்.

ஃபார்மில் எழுதினேன்: ஈரக் கையில் வேலை செய்யவில்லை, நிறுத்த பிளக்கைப் பிடுங்க வேண்டியிருந்தது. கீழே கையெழுத்துப் போட்டேன். சார் படித்துவிட்டு நாற்காலியைக் காட்டினார்.

"நாப் போட்டா பழைய மாடல்னுவாங்கம்மா. ஷோரூம்ல யாரும் சட்னி அரைக்கிறதில்ல. லைட் எரியுதான்னுதான் பாக்கறாங்க."

"வீட்டுக்குப் போய் அரைப்பாங்களே சார்?"

"அது சர்வீஸ் டிபார்ட்மென்ட் பாத்துக்கும்."

ஆனாலும் மனுஷன் ஃபார்மைக் கிழிக்கவில்லை, அப்படியே ஹெட் ஆபீசுக்கு அனுப்பினார். அங்கே மூன்று வாரம் மீட்டிங் போட்டார்கள். நாப் திரும்பி வரும் என்று அக்காக்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். முடிவு வந்தது: ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சின்னத் துணி. மேனுவலில் ஒரு வரி: "தொடுமுன் கையைத் துடைக்கவும்."

கூடவே எனக்கும் ஒரு கடிதம். கன்ஃபர்மேஷன் ஆறு மாதம் தள்ளிவைப்பு, இடமாற்றம் பேக்கிங்குக்கு.

ஜூனியர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: கோளாறை எழுதிக் கொடுக்கும்போது தீர்வையும் நீங்களே எழுதிவிடுங்கள். இல்லையென்றால் துணிதான் வரும்.

பெட்டியில் துணி இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவதுதான் இப்போது என் வேலை. இன்றைய துணி லாரி இன்னும் எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியைத் தாண்டவில்லை. லைன் நின்றுகிடக்கிறது.