அக்காவுக்கு நான் அனுப்பாத வீடியோ

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவருடைய நல்ல குணங்களை இந்த நினைவு மலரில் மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர் மீது எனக்கிருந்த பொறாமையை எழுதலாமா என்று அத்தானிடம் கேட்டேன். "எழுதும்மா, அவளுக்கும் தெரிஞ்சதுதானே" என்றார்.

அக்கா திருக்காட்டுப்பள்ளியில் பிறந்தார். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். அப்பா தவறியபோது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அன்று முதல் குத்தகை நிலத்தையும் அவரே பார்த்தார். முறைத் தண்ணீர் வரும் நாளில் மடையைத் திறந்துவிட்டு, அப்படியே பஸ் ஏறித் தேர்வு எழுதப் போவார். முதல் வகுப்பிலும் தேறுவார். கையெழுத்து, கணக்கு, சமையல், எதைத் தொட்டாலும் பெயர் வாங்குவார். அக்காவைப் பார் என்று அம்மா சொல்லாத நாளில்லை. நானும் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், வயிறு எரிய.

அதனால்தான் கல்லூரி விடுதியில் குரோஷா பின்னல் எனக்கு அகப்பட்டபோது அவ்வளவு சந்தோஷம். ஒரு கொக்கி ஊசி, ஒரு உருண்டை நூல், அக்காவுக்குத் தெரியாத வேலை! புத்தகம், படம், வீடியோ என்று கிடைத்ததையெல்லாம் மேய்ந்தேன். பாதி வீடியோக்களில் முகம் தெரியும், விரல் தெரியாது. மீதி காற்றாய்ப் பறக்கும். கடைசியில் ஒரு அம்மா கிடைத்தார். மேலிருந்து கையை மட்டும் காட்டி, தமிழில் நிதானமாகச் சொல்லி, வரிசை முடியும்போதெல்லாம் பின்னல் கண்களை எண்ணிக் காட்டுவார். தப்பு வந்தால் எதுவரை பிரிப்பது என்பதையும் காட்டுவார். அவரைப் பார்த்துத்தான் ஒரு தோள்பை பின்னி முடித்தேன்.

புற்றுநோய் அறுவைச் சிகிச்சைக்குப் பின் குத்தாலத்தில் புகுந்த வீட்டில் படுத்திருந்த அக்கா அந்தப் பையைப் பார்த்தார். மருந்து ஏற்றும் வார்டில் முடி கொட்டியவர்களுக்குத் தொப்பி பின்னித் தர வேண்டும், கற்றுக்கொள்ள நல்ல வீடியோ இருந்தால் அனுப்பு என்றார். முப்பதுக்கும் மேல் அனுப்பினேன். அதில் இரண்டு ஜப்பான் மொழி. அந்த அம்மாவின் வீடியோவை மட்டும் அனுப்பவில்லை. இது ஒன்றாவது எனக்கே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அக்கா குறை சொல்லவில்லை. பையைக் கொஞ்ச நாள் வைத்துக்கொள்கிறேன் என்று வாங்கிக்கொண்டார். இரண்டு மாதம் கழித்துப் போனால், பை என்னுடையதைவிட ஒழுங்காக இருந்தது. அக்கா அதை வரிசை வரிசையாகப் பிரித்து, நூல் எந்தக் கண்ணிலிருந்து கழன்றதோ அதிலேயே திரும்ப ஊசியை விட்டுப் பழகியிருந்தார். பிரிப்பதும் பின்னுவதுமாக நான்கு முறை.

"ஏழாவது வரிசையில ரெண்டு கண்ணு விட்டுட்டு, மேல இழுத்துக் கட்டி மறைச்சிருக்கடி. சரி பண்ணிட்டேன்."

எரிச்சலில் உண்மை வாயில் வந்துவிட்டது. "இவ்ளோ கஷ்டப்பட்டிருக்க வேணாம். நல்ல வீடியோ ஒண்ணு இருக்கு. உனக்கு அனுப்பல."

"ஏன்?"

"நீ என்னைவிட நல்லாப் பின்னிடுவ."

சிரிப்பார் என்று நினைத்தேன். "ரெண்டு மாசம்னா எனக்கு என்னன்னு தெரியுமாடி?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸிலேயே அனுப்பினேன். நான்கு நாள் பதில் இல்லை. ஐந்தாம் நாள் போன் வந்தது. உச்சந்தலைக்கு எத்தனை கண்ணில் ஆரம்பிக்க வேண்டும், வீடியோவில் அந்த இடத்தில் பேச்சு சரியாகக் கேட்கவில்லை என்றார். ஆறு என்றேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அதன்பின் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் கையில் ஊசிதான். நம் வெயிலுக்கு உல்லன் ஆகாது என்று பருத்தி நூலில் பதினேழு தொப்பிகள். விரல் நுனி மரத்த பிறகும் பின்னினார். எனக்கு ஏதாவது ஒன்று பின்னிக் கொடு என்று கேட்டேன். "உனக்குத்தான் என்னைவிட முந்தியே தெரியுமே" என்றார்.

அக்காவைக் கவனித்த செவிலியர்களுக்கும், அறுவடையைத் தங்கள் தலையில் போட்டுக்கொண்டு அத்தானை ஆஸ்பத்திரியிலேயே இருக்கவிட்ட குத்தாலத்து அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. காரியத்தன்று வார்டுத் தோழிகள் மூவர் அந்தத் தொப்பியோடு வந்திருந்தார்கள். ஒருவர் கழற்றி என்னிடம் காட்டினார். உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். ஒரு கண்கூடத் தவறவில்லை. அவருக்கு முடி நன்றாக வளர்ந்திருந்தது. இனி அவருக்குத் தொப்பி வேண்டியதில்லை, நானே வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆனாலும் அவர் தொப்பிக்காக நீட்டிய கையை மடக்காமல் நின்றார். கொடுத்துவிட்டேன். அவருக்கும் என் நன்றி.