பிரேக் அக்காவும் பொருந்தாத நட்டும்

பிரேக் அக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் அவளிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட பெண்கள்தான். பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்தால் கற்றுக்கொள்கிறவளின் தைரியம் போய்விடும் என்பது அக்காவின் கட்சி. லாரி மூக்குக்கு நேரே வந்தால்தான் அதைத் தொடுவாள். மற்றபடி வாயாலேயே வண்டியை நிறுத்திவிடுவாள். ஆண்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. எல்லாம் தெரிந்தவனுக்கு நான் எதற்கு என்பாள்.

வீட்டிலேயே அப்படி ஒருவர் இருந்தார். பிரிட்ஜ் விற்கும் கடையில் வேலை பார்க்கும் அவள் புருஷனுக்குத் தான் பிறவி மெக்கானிக் என்று நினைப்பு. யாரோ சிநேகிதன் கழற்றிப் போட்ட நான்கு அலாய் வீல்களை ஒரு நாள் தூக்கிக்கொண்டு வந்தார். அக்காவின் பயிற்சிக் காரிலிருந்த பழைய இரும்பு வீல்களை எடுத்துவிட்டு, பழைய நட்டுகளையே போட்டு இவற்றை மாட்டினார்.

"மரை எவ்வளவு கச்சிதமா ஏறுது பாத்தியா? இதுக்கு ஒரு மெக்கானிக் தேவையா?"

நட்டின் மரை போல்ட்டில் ஏறியது வாஸ்தவம். வண்டி மட்டும் அன்றிலிருந்து பெரிய சாலைக்குப் போனால் போதும், ஸ்டியரிங் கிடுகிடுவென்று ஆட ஆரம்பித்தது. புருஷனிடம் சொன்னதற்கு, "நீ ஸ்டியரிங்கைக் கழுத்தை நெரிக்கிற மாதிரி பிடிக்கிற. கொஞ்சம் தளர்த்திப் பிடி" என்றார், சோற்றிலிருந்து கண்ணைக்கூட எடுக்காமல். சக்கரத்துக்கு எடை சரிபார்க்கும் கடைக்காரனோ ஒருபடி மேலே போய், "வீல்ல ஒண்ணும் இல்ல. ஓட்டுறவங்க கையில இருக்கு" என்று சிரித்தான். இத்தனை வருஷம் ஊரையே ஓட்டப் பழக்கியவளிடம் சொல்கிற பேச்சா இது!

அவளைச் சொன்னதையாவது பொறுத்துக்கொள்ளலாம். தையல்காரப் பெண்ணுக்கு நேர்ந்ததைத்தான் அக்காவால் ஜீரணிக்கவே முடியவில்லை. அந்தப் பெண் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கிறவள். மூட்டைகளைக் கொண்டுபோய்ச் சேர்க்க அண்ணன் தயவுக்கு நிற்க வேண்டியிருந்தது. அவனோ அவசரத்தில்தான் முறுக்கிக்கொள்வான். அதனால் தானே ஓட்டுவது என்று அக்காவிடம் கற்க வந்தாள், நன்றாகவே ஓட்டினாள். முதல்முறை பெரிய சாலைக்கு வந்தபோது ஸ்டியரிங் ஆடியது. ஓரங்கட்டி நிறுத்திவிட்டுத் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என் கைதான்க்கா நடுங்குது. எங்கண்ணன் சொன்னது சரிதான். எனக்கு இது வராது."

"பயப்படாதம்மா. கொஞ்சம் தளர்த்திப் பிடி."

சொன்ன பிறகுதான் அது புருஷனின் வாக்கியம் என்று அக்காவுக்கு உறைத்தது. அந்தப் பெண் அதற்கப்புறம் வரவில்லை. போன் செய்தால் அண்ணன் எடுத்து, "நான் அப்பவே சொன்னேன்" என்று வைத்துவிட்டான்.

அக்கா கோபத்தோடு காரைச் சுற்றி வந்தாள். நட்டுகளைத் தொட்டுப் பார்த்தபோது ஒன்றிரண்டு லேசாகத் தளர்ந்திருந்தன. தேய்ந்துவிட்டது போலிருக்கிறது என்று ஒரு நட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு உதிரிபாகக் கடைக்குப் போனாள். எல்லாரும் செய்வது அதுதான். கடைக்காரர் மரையை அளந்து பார்த்து, அதே மாதிரி புது நட்டுகளைக் கொடுத்தார். மாட்டினாள். புத்தம்புது நட்டுகளோடு வண்டி பழையபடியே ஆடியது.

விஷயம் பிடிபட்டது வேறொரு பாடத்தில். நடுவழியில் டயர் போனால் மாற்றத் தெரியாதவளுக்கு உரிமம் எதற்கு என்று எல்லாரையும் ஸ்டெப்னி மாட்ட வைப்பாள். டிக்கியில் கிடந்த அந்த ஸ்டெப்னி மட்டும் இன்னும் பழைய இரும்பு வீல். அதன் ஓட்டையில் நட்டு, கிண்ணத்தில் பந்து போல அப்படியே உட்கார்ந்தது. கழற்றி வைத்த அலாய் வீலின் ஓட்டையில் அதே நட்டை வைத்தாள். தடுமாறியது. நட்டின் அடி உருண்டை. ஓட்டையோ புனல் மாதிரி சரிந்து இறங்கியது. விளிம்பில் ஒரு கோடு மட்டும் உரசிப் பளபளத்தது. அந்தக் கோட்டை நம்பித்தான் இத்தனை நாள் வீல் நின்றிருக்கிறது! அவளுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த அலாய் வீலோடு உதிரிபாகக் கடைக்குப் போய், புது நட்டிலும் வண்டி ஆடுகிறது என்றாள். கடைக்காரர், "வீட்டுக்காரரை அனுப்புங்கம்மா, அவருகிட்ட விளக்கிச் சொல்றேன்" என்றார்.

"அவர் விளக்கினதாலதான் இங்க நிக்கிறேன்" என்று சொல்லி, அலாய் வீலைத் தூக்கிக் கண்ணாடி மேஜைமேல் வைத்தாள்.

"ஐயோ, கண்ணாடிம்மா!"

"கண்ணாடி உடைஞ்சா வேற வாங்கலாம். மரையை மட்டும் பாக்காதீங்க, இந்த ஓட்டையில எது உக்காருதுன்னு பாருங்க."

அவர் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்தார். அடி கூம்பாக இருந்த, மரையும் சேர்ந்த ஒரு நட்டை ஓட்டையில் இறக்கியதும் அது சத்தமில்லாமல் அடங்கியது. விரலால் ஆட்டினாள். அசையவில்லை. "இவ்வளவுதானா?" என்றார் அவர். அந்த இவ்வளவுக்குத்தான் ஒரு பெண் தன் கையைச் சந்தேகப்பட்டாள் என்று சொல்ல வாயெடுத்து, வேண்டாம் என்று நான்கு வீலுக்கும் வாங்கிக்கொண்டு வந்தாள். பழைய நட்டால் ஓட்டையோ போல்ட்டோ கெடவில்லை என்று பட்டறையில் காட்டி உறுதி செய்துகொண்ட பிறகே மாட்டினாள். பெரிய சாலையில் வண்டி வழுக்கிக்கொண்டு போனது.

அன்று மாலை புருஷனைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு நேரே தையல் கடைக்கு ஓட்டினாள். "அதுக்கு நான் எதுக்கு?" என்றார் அவர்.

"சொல்ல வேண்டியவர் நீங்கதான்."

தையல் மிஷினுக்கு முன்னால் நின்று அவர் தொண்டையைச் செருமினார். "நான்தாம்மா தப்பான நட்டை மாட்டிட்டேன். வண்டிதான் ஆடுச்சு." எல்லாரிடமும் நியாயம் பேசுகிறவருக்கு அந்த இரண்டு வாக்கியத்துக்கு வியர்த்துவிட்டது. ஊசி நின்றது. அந்தப் பெண் எழுந்து வந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள்.

பெரிய சாலை வந்தது. வேகம் கூடியது. ஸ்டியரிங் சிவனே என்று இருந்தது.

"அக்கா, என் கை..."

"உன் கை என்னைக்குமே நடுங்கலம்மா. ரோட்டைப் பாரு."

அவள் கண் கலங்கியது. ஆனாலும் ரோட்டைத்தான் பார்த்தாள். திரும்பி வரும்போது கடை வாசலில் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

"ஹாரன் அடிக்கட்டுமாக்கா?"

"நல்லா அழுத்தி அடி" என்றாள் பிரேக் அக்கா.