ஏட்டையா மோந்து பார்க்கிறார்

கண்ணாடி கிளாஸை உதட்டுக்குக் கொண்டுபோவதற்கு முன் மூக்குக்குக் கீழே ஒரு நிமிடம் நிறுத்துகிறார். முதலில் வலது நாசி, பிறகு இடது. ஆவி மீசையில் படிகிறது. "ம்... டீதான்" என்கிறார். "கேஸ் இல்லீங்களா ஏட்டையா?" என்று அடுப்பருகிலிருந்து கேட்கிறார் கடைக்காரர் இன்னாசி. "இன்னிக்கு இல்ல. நாளைக்குப் பாப்போம்." அதற்குப் பிறகுதான் முதல் மடக்கு உள்ளே இறங்கும். திருமயம் கோட்டைச் சுவர் தெரிகிற இந்தக் கடையில் ஏழு வருடமாக நான் காலை டீ குடிக்கிறேன். இந்த மூன்று வரிப் பேச்சில் ஒரு சொல் மாறி நான் கேட்டதில்லை.

ஏட்டையா ஆத்மநாதனுக்கு வயது அறுபத்து நான்கு. காவல் துறையில் மதுவிலக்குப் பிரிவிலேயே பெரும்பகுதி கழித்தவர். ஓய்வு பெறும்போது எஸ்.எஸ்.ஐ. ஆகிவிட்டார். ஊர் அதை ஒப்புக்கொள்ளவில்லை, இன்றைக்கும் ஏட்டையாதான். ஜெகதாப்பட்டினம், மணமேல்குடி என்று கடற்கரைப் பக்கமே பல வருடம் கஞ்சா மூட்டை தேடித் திரிந்த மூக்கு அது. கருவாட்டு லாரிக்குள் கஞ்சா இருந்தால் கருவாட்டை ஒதுக்கிவிட்டுக் கஞ்சாவை மட்டும் மோந்து சொல்வாராம். இதை அவரே சொன்னதால் பாதியைக் கழித்துக்கொள்ளலாம்.

வேலை போன பிறகும் மூக்கு ஓய்வு பெறவில்லை. கறிவேப்பிலைக் கொத்து, கூரியர் பார்சல், பேத்தி வயதுப் பிள்ளைகள் நீட்டும் மிட்டாய், எல்லாம் முதலில் மூக்குக்குத்தான் போகும். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் மஞ்சள் தடவிய மூலையை மோந்துவிட்டுத்தான் தேதியைப் படிப்பார். "கட்டிக்கிட்டு வந்த அன்னிக்கு என் தலைப் பூவைக் குனிஞ்சு மோந்து பாத்தாக. ஆசையிலதான்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா கட்டில்ல விரிச்ச ஜமுக்காளத்தையும் மோந்து பாக்குறாக" என்கிறார் அவர் மனைவி செல்வராணி.

இன்னாசிக்கும் இவருக்கும் பழக்கம் ஆரம்பித்ததே அந்த மூக்கால்தான். இருபத்து நான்கு வருடத்துக்கு முன் இன்னாசி லாரி கிளீனர். செக்போஸ்டில் வண்டி நின்றபோது ஏட்டையா நேராக வந்து அவர் இடுப்பைத் தடவிக் கஞ்சாப் பொட்டலத்தை எடுத்தார். பதினைந்து நாள் ரிமாண்டு. "மாமியா வீட்டுச் சாப்பாடு, எல்லாம் ஏட்டையா புண்ணியம்" என்று இன்னாசி சிரித்துக்கொண்டே சொல்வார். சிரிக்காத பகுதி ஒன்று உண்டு. அந்தப் பதினைந்து நாளில் லாரி முதலாளி வேறு ஆள் போட்டுவிட்டார், பேசி முடித்திருந்த பெண் வீட்டுக்காரர்கள் தட்டை மாற்றவே வரவில்லை. அதெல்லாம் தாண்டி வேறு பெண்ணைக் கட்டி, கடை போட்டு நின்றுவிட்டார். இருவரும் அதைப் பற்றிக் கோபமாகப் பேசி நான் பார்த்ததில்லை. ஆனாலும் இன்னாசி கொடுக்கிற டீயை மோந்து பார்க்காமல் ஏட்டையா குடித்ததும் இல்லை.

இப்பேர்ப்பட்ட மனிதருடைய ஒரே மகள் எங்கே வேலை பார்க்கிறாள் தெரியுமா? நெதர்லாந்தில், பெல்ஜியம் எல்லையை ஒட்டிய ஒரு சின்ன ஊரில், பன்னிரண்டு அறை லாட்ஜ் ஒன்றின் மேனேஜர். வந்து தங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் எல்லை தாண்டிக் கஞ்சா புகைக்க வருகிறவர்கள். அவர் தலையில் எழுதிய விதியைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது உண்மை. அவருக்கு வரவில்லை.

விஷயம் தெரிந்த விதம் இது. இரண்டு வருடத்துக்கு முன் மகள் இலக்கியா லாட்ஜ் சமையலறையைப் படம் எடுத்து அனுப்பினாள். ஜன்னல் ஓரத்துத் தொட்டியில் ஒரு செடி. செல்வராணி "என்னமோ குரோட்டன்ஸு" என்றார். ஏட்டையா படத்தைப் பெரிதாக்கி இலையின் விரல்களை எண்ணினார். அப்படியே எழுந்து போய் முழுநீளத் தாள் எடுத்து, பறிமுதல் செய்யும்போது போலீஸ் எழுதுகிற மகஜரை எழுத உட்கார்ந்துவிட்டார். 'சுமார் இரண்டரை அடி உயரமும் பச்சை நிறமும் கொண்ட, பூ விடாத கஞ்சாச் செடி ஒன்று. மேற்படி செடி மேற்படி இலக்கியாவுக்குச் சொந்தமானதல்ல.' அதைப் படமெடுத்து அனுப்பி, அக்கம்பக்கத்தில் இரண்டு பேரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னார். போலீஸ் வருவதற்குள் வாங்கிவிடு என்று மூன்று தடவை சொன்னாராம்.

"அப்பா, அது ஓனரம்மா வளக்குற செடி. இங்க வீட்டுல அஞ்சு செடி வரைக்கும் யாரும் கண்டுக்க மாட்டாங்க. பக்கத்து வீட்டுக்காரரே போலீஸுதான். அவருகிட்டயே கையெழுத்து வாங்கவா?"

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. மறுநாள் கடையில் எங்களுக்குப் பாடம் நடத்தினார். "சட்டப் புத்தகத்துல தப்புன்னுதான் இருக்காம் தம்பி. ஆனா கண்டுக்க மாட்டாகளாம். அதுக்குன்னு லைசென்ஸ் குடுத்த கடை இருக்காம். முன்வாசல்ல விக்கிறவனப் பிடிக்க மாட்டாக. பின்வாசல்ல கொண்டாந்து எறக்குறவனப் பிடிப்பாக. அப்ப கடைக்குள்ள சரக்கு எங்கிட்டிருந்துய்யா வந்துச்சு, வானத்துலருந்து விழுந்துச்சா? என்ன எழவு சட்டம் இது! இப்பத்தான் சில ஊருல கவர்மென்ட்டே ஆள் வச்சு வளத்துக் குடுத்துப் பாக்குறாகளாம்." மகளை உடனே கிளம்பி வரச் சொல்லப் போவதாகவும் அறிவித்தார்.

சொல்லவில்லை. சொல்ல அவருக்கு வாய் இல்லை. இலக்கியாவுக்கு அவர் பார்த்து வைத்த மாப்பிள்ளை, கூட வேலை பார்த்தவரின் மகன். பதினோரு மாதத்தில் கன்னம் வீங்கித் திரும்பி வந்த பெண் ஒரு வருடம் வாசற்படி இறங்கவில்லை. பிறகு தானே விண்ணப்பம் போட்டு, அங்கே போய்ப் படித்து, அந்த லாட்ஜில் வேலை வாங்கி, நாலு வருடத்தில் போனில் சிரித்துப் பேசுகிற ஆளாகிவிட்டாள். "நாட்டுல உள்ள திருடனையெல்லாம் மோப்பத்துல பிடிச்சேன். மாப்ளைய மட்டும் மோந்து பாக்காம விட்டுட்டேன்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். சொல்லும்போது முகத்தைக் கோட்டைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஆக, ஊரில் பஞ்சாயத்துத் தலைவர் பெயரைக்கூடத் தப்பாகச் சொல்கிற ஏட்டையா, நெதர்லாந்து அரசியலில் கரை கண்டவரானார். சென்ற வருடம் ஒரு காலையில், "கவர்மென்ட் கவுந்துருச்சுய்யா!" என்று அவர் பதறி வர, பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் செல்போனை எடுத்துப் பார்த்தார்கள். கவிழ்ந்தது நெதர்லாந்து அரசாங்கம். அங்கே பதினைந்து கட்சி, யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காது, தேர்தல் முடிந்தும் மாதக்கணக்கில் கூடிப் பேசித்தான் மந்திரிசபை அமைப்பார்கள் என்பதெல்லாம் இப்போது திருமயத்தில் பால் ஊற்ற வருகிறவருக்குக்கூடத் தெரியும். ஒரு கட்சி கஞ்சாக் கடைகளை இழுத்து மூட வேண்டும் என்கிறது, இன்னொன்று முழுதாகச் சட்டமாக்கு என்கிறது. ஆட்சி மாறினால் கண்டுகொள்வதும் கண்டுகொள்ளாததும் மாறும். இவர் மகளின் லாட்ஜ் வேலையும், அதை நம்பி நிற்கிற விசாவும் அதோடு ஆடும்.

கோட்டை பார்க்க வெள்ளைக்காரர்கள் வேனில் வந்து இறங்கினால் போதும், "நெதர்லாந்தா?" என்று பக்கத்தில் போய்விடுவார். ஒருமுறை ஒரு ஜோடி ஆமாம் என்றது. ஏட்டையாவுக்குத் தலைகால் புரியவில்லை. தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், குரலைத் தாழ்த்தி, கஞ்சா, கவர்மென்ட், டூரிஸ்ட் என்று ஆரம்பித்தார். அந்த அம்மாள் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "நோ, நோ, தேங்க் யூ" என்று புருஷனை இழுத்துக்கொண்டு வேனுக்குள் ஏறிவிட்டார். "நான் விக்க வந்திருக்கேன்னு நெனச்சுட்டாகய்யா! முப்பது வருச சர்வீஸுய்யா எனக்கு!" இன்னாசி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது.

இந்த வருடம் விளையாட்டு முற்றிவிட்டது. மகள் இருக்கும் ஊரில் உள்ளாட்சித் தேர்தல் முடிந்து புது ஆட்கள் வந்தார்கள். உள்ளூர்க்காரர்களைத் தவிர யாருக்கும் கஞ்சா விற்கக் கூடாது என்று கவுன்சிலில் ஒரு தீர்மானம். எல்லை தாண்டி வருகிற கார்கள் தெருவை அடைக்கின்றன, இரவெல்லாம் கூச்சல் என்று குறை. "அவுக சொல்றதும் ஞாயந்தான். நான் அந்த ஊரு போலீஸா இருந்தா மொத ஆளா நானே தடுப்பேன்" என்று ஏட்டையாவே சொன்னார். சொல்லிவிட்டு விரல் நகத்தைக் கடித்தார். தீர்மானம் வந்தால் லாட்ஜை மூடிவிடுவேன் என்று ஓனரம்மா சொல்லிவிட்டாராம். மூன்று மாதத்துக்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் இலக்கியா திருமயத்துக்குத் திரும்ப வேண்டும், மறுபடி அந்த வாசற்படிக்கு.

ஆவுடையார்கோயிலுக்குப் போய்த் தன் பெயர்ச் சாமியிடமே முறையிட்டு வந்தார். "என்ன வேண்டுதல்னு குருக்கள் கேட்டாக. வெளியூர்க்காரனுக்குக் கஞ்சா தடையில்லாமக் கெடைக்கணும்னா சொல்ல முடியும்? மக பேருக்கு அர்ச்சனைன்னேன்."

அந்த வாரத்தில்தான் இன்னாசி சாதாரணமாகக் கேட்டார். "அங்கிட்டு ஒரு ஆளு எம்புட்டு வச்சிருந்தா விட்டுருவாக ஏட்டையா?"

"அஞ்சு கிராம்."

"அன்னிக்கு எங்கிட்ட எம்புட்டு இருந்துச்சு?"

ஏட்டையா எழுதிய மகஜர்கள் அவருக்கு மறப்பதில்லை. கிளாஸை இரண்டு தடவை சுழற்றினார்.

"நாலு" என்றார்.

"அடப்பாவமே! அந்த ஊருல பொறந்திருந்தா நீங்க எனக்கு சலாம்ல போட்டிருக்கணும்" என்று இன்னாசி சிரித்தார். நாங்களும் சிரித்தோம். ஏட்டையா பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனார். அடுத்த நாலு நாள் கடைக்கு வரவில்லை. அவர் வராத கடையில் இன்னாசி யார் மீதாவது எரிந்து விழுந்துகொண்டே இருந்தார். "நான் சும்மா வெளாட்டுக்குல்ல கேட்டேன். மனுசன் மனசுல வச்சுக்கிட்டாரே" என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

ஐந்தாம் நாள் காலை, வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, செருப்பு மாற்றிப் போட்டது தெரியாமல் ஏட்டையா சாலையைக் கடந்து வந்தார். பஸ் டிரைவர் ஹாரன் அடித்துத் திட்டியது காதில் விழவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து செல்போனை மேஜை மேல் வைத்து, வந்திருந்த குரல் பதிவைச் சத்தமாகப் போட்டார். இலக்கியாவின் குரல்.

"அப்பா, ஓட்டு முடிஞ்சிருச்சுப்பா. பதினேழுக்குப் பதினாலு. தீர்மானத்தைத் தள்ளிட்டாங்க. லாட்ஜ் நடக்கும், நான் இங்கதான் இருப்பேன். நீங்களும் அம்மாவும் நிம்மதியா இருங்க. சாப்புட்டீங்களா?"

மறுபடி போட்டார். மூன்றாம் தடவை போடும்போது தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "போன உசுரு வந்துருச்சுய்யா. எம்புள்ள திரும்பி வர வேணாம். அங்கிட்டே இருந்து சிரிக்கட்டும். அடுத்த கவர்மென்ட் வரப்ப வரட்டும், அப்பப் பாத்துக்குவோம்" என்றார். பெஞ்சில் இருந்த எங்களுக்கும் மூச்சு நிதானமாக வந்தது. கஞ்சா விற்பனை தொடர்வதற்காகத் திருமயத்தில் இத்தனை பேர் சந்தோஷப்பட்டது அநேகமாக அன்றைக்குத்தான்.

இன்னாசி டீயை ஆற்றினார். நாலு நாள் பாக்கிக்கும் சேர்த்து நுரை தள்ளியது. கொண்டுவந்து நீட்டிவிட்டு, கரித்துணியைத் தோளில் போட்டு, தன்னுடைய வழக்கமான கேள்வியைக் கேட்கக் காத்து நின்றார்.

ஏட்டையா கிளாஸை வாங்கினார். இன்னாசியின் முகத்தை ஒருமுறை பார்த்தார். ஆவி பறக்கிற டீயை நேராக உதட்டில் வைத்து, நாக்கு சுட்டதையும் பொருட்படுத்தாமல், ஒரே மடக்காகக் குடித்தார்.